ஆஸ்திரேலியப் பழைய இதழ்களின் நையாண்டிப் பாட்டு: எட்டுப் பக்கச் சிறப்பிதழுக்கு எதை எடுப்பது, எப்படித் தமிழாக்குவது?

மண்டபம்_மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கச் சிற்றிதழ் போடுகிறது. ஏ4 தாள் இரண்டை நடுவில் மடித்துத் தைத்தது. நகலகத்தில் எடுத்து மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் நூலகங்களிலும் டீக்கடைகளிலும் வைக்கிறோம். படிப்பவர்களில் பாதிப் பேர் கடல் தொழில் செய்பவர்கள். தனியாகப் படிப்பதைவிட ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அதிகம்.

அடுத்த இதழை முழுவதுமாக ஆஸ்திரேலியாவின் பழைய பத்திரிகைகளில் வந்த கேலி, நையாண்டிப் பாட்டுகளுக்குக் கொடுக்க எண்ணம். கைதிகளாகக் கப்பலேறிப் போனவர்களும் ஆடு மேய்த்தவர்களும் தங்கம் தோண்டியவர்களும் பாட்டாலேயே ஆளுநரை வம்புக்கிழுத்த நாடு அது. வசைக்கவியும் ஏசல் பாட்டும் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துக் காதுக்கு அது தூரத்துச் சரக்கு இல்லை.

நான்கு சந்தேகம். எல்லோரும் லாசன், பேட்டர்சன் என்ற இரண்டு கவிஞர்களின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் என்ன இருந்தது? மூலத்தை அச்சான பக்கத்திலேயே பார்க்க வழி உண்டா? எழுதிப் பார்த்த தமிழாக்கமெல்லாம் வசனமாக விழுந்து சிரிப்பே வரவில்லை, எந்தப் பாவகை பொருந்தும்? கடைசியாக, அச்சிட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? விவரமாகச் சொல்லுங்கள்.

சேதுக்கரை_வாசகர் பதில்:

மலர், லாசனிலிருந்து தொடங்கினால் கதையின் பின்பாதியைத்தான் பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் எண்பது, தொண்ணூறு ஆண்டு இருக்கிறது. அதில் மிகக் காரமான பகுதி அச்சுக்கே வரவில்லை, வந்திருக்கவும் முடியாது.

சிட்னியின் முதல் செய்தித்தாள் 'சிட்னி கெசட்' 1803 மார்ச் 5-ல் வெளிவந்தது. அச்சிட்டவர் ஜார்ஜ் ஹவ், அவரே தண்டனை பெற்றுக் கப்பலில் வந்தவர். அச்சு இயந்திரம் அரசுடையது; அதிகாரி பார்த்து விட்ட பிறகே எதுவும் அச்சேறும். இந்த முன்தணிக்கை 1824 வரை நீடித்தது. ஆகவே ஆளுநரையும் படை அதிகாரிகளையும் குத்தும் பாட்டு கையெழுத்தில்தான் நடமாடியது. தாளைக் குழல் மாதிரிச் சுருட்டி, யார் கண்ணிலாவது படும்படி தெருவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வகைக்கு 'பைப்' என்றே பெயர். 1816-ல் துணை ஆளுநர் மோல் என்ற படைத் தளபதியைக் கிழித்து ஒரு பைப் கிளம்பியது. 46-ஆம் படைப்பிரிவு அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். எழுதியவர் வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த் என்பது அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பிறகு அவருடைய அப்பா வாயாலேயே வெளிவந்தது. அதே வென்ட்வொர்த்தான் 1824-ல் ராபர்ட் வார்டெல்லோடு சேர்ந்து 'தி ஆஸ்திரேலியன்' என்ற முதல் தனியார் செய்தித்தாளைத் தொடங்கியவர். அதோடு முன்தணிக்கையும் போயிற்று.

மாட்டிக்கொண்டவர் டாக்டர் வில்லியம் பிளாண்ட். கப்பல் மருத்துவரான இவர் 1813-ல் பம்பாயில் துப்பாக்கிச் சண்டையில் ஒருவரைக் கொன்று, அங்கேயே விசாரிக்கப்பட்டு, ஏழாண்டு நாடுகடத்தலில் சிட்னிக்குப் போனவர். மன்னிப்புக் கிடைத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், ஆளுநர் மக்வாரியைக் கேலி செய்து பாட்டெழுதியதற்காக 1818-ல் பன்னிரண்டு மாதச் சிறையும் 50 பவுன் அபராதமும் பெற்றார். பாட்டின் விலை என்ன என்று உங்கள் வாசகருக்குச் சொல்ல இது ஒன்றே போதும்.

எதிர்ப்பக்கத்தில் மைக்கேல் மாஸி ராபின்சனை வையுங்கள். லண்டனில் ஒரு இரும்பு வியாபாரியைக் கொலைகாரன் என்று பாட்டுக் கட்டி, அச்சிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். சிட்னியில் அதே கை அரசர் பிறந்தநாள் வாழ்த்துப்பா எழுதி 'கெசட்'டில் அச்சேற்றியது. 'அரசவைக் கவிஞர்' பணிக்காக அவருக்கு அரசு மந்தையிலிருந்து இரண்டு பசுக்கள் கொடுத்தார்கள். பிளாண்ட், ராபின்சன் இருவரையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக வைத்தால் முதல் இருபது ஆண்டின் நிலைமை விளங்கிவிடும்.

கைதிகள் தரப்புக்குப் 'பிராங்க் த பொயட்' என்ற அயர்லாந்துக்காரர் பிரான்சிஸ் மக்நமாராவை விடக்கூடாது. 1832-ல் போய்ச் சேர்ந்தவர். 1839-ல் அவர் கட்டிய நெடும்பாட்டில் ஒரு கைதி செத்து நரகத்துக்குப் போகிறான். அங்கே கசையடி கொடுத்தவர்களும் கங்காணிகளும் பெரிய அதிகாரிகளும் வெந்துகொண்டிருக்கிறார்கள். கைதிக்கு இங்கே இடமில்லை, உன் இடம் சொர்க்கம் என்று சாத்தானே அனுப்பிவைக்கிறான். இது அந்தக் காலத்தில் மனப்பாடமாகவும் கையெழுத்தாகவும் பரவியது. பத்திரிகைப் பாட்டு இல்லை என்று ஒரு வரி சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பத்திரிகை அங்கதம் 1840-களில் சூடு பிடிக்கிறது. 1844-ல் ஆளுநர் கிப்ஸ் மேய்ச்சல் நிலத்துக்குப் புதிய விதி கொண்டுவந்தார்: ஒவ்வொரு பட்டிக்கும் தனித்தனியாக ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம். பெரிய மந்தைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ராபர்ட் லோ 'அட்லஸ்' என்ற வார இதழைத் தொடங்கினார். 1845-ல் அதில் வில்லியம் ஃபார்ஸ்டர் எழுதிய சாத்தானும் ஆளுநரும் பேசிக்கொள்ளும் பாட்டு வந்தது. ஆளுநர் சொல்வதைக் கேட்கக் கேட்கச் சாத்தானுக்கே வியப்பு. உரையாடல் வடிவம் என்பதால் இரண்டு குரலில் படிக்கலாம். ஒன்றை மறக்காமல் குறிப்பில் சொல்லுங்கள்: அது ஏழைகளின் குரல் இல்லை, மந்தை முதலாளிகளின் குரல். பின்னாளில் ஃபார்ஸ்டர் நியூ சவுத் வேல்ஸின் முதலமைச்சர், லோ பிரிட்டனின் நிதியமைச்சர். அங்கதம் எப்போதும் கீழிருந்து மேலே போவதில்லை. யார் பணத்தில் இதழ் நடந்தது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு 1855 ஆகஸ்டில் 'மெல்பர்ன் பஞ்ச்', 1864-ல் 'சிட்னி பஞ்ச்'. இவற்றில் வாரா வாரம் பாட்டு உண்டு. ஆனால் பெரும்பாலும் சட்டமன்ற உள்விவகாரமும், டெனிசன், லாங்ஃபெல்லோ போன்ற ஆங்கிலக் கவிஞர்களின் சந்தங்களைப் போலி செய்ததும்தான். மூலச் சந்தம் காதில் இல்லாத வாசகருக்குப் போலியின் சுவை எட்டாது. எட்டுப் பக்கத்தில் பஞ்ச் பாட்டுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கீழக்கரை_நூல்கட்டு பதில்:

மூலப் பக்கம் பற்றி. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம் இலவசம். வீட்டிலிருந்தே 1803 'கெசட்'டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். தேடத் தெரியாமல் போனால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிரிவு. செய்தித்தாள்கள் தனிப் பிரிவு, இதழ்கள் தனிப் பிரிவு. 'மெல்பர்ன் பஞ்ச்', 'சிட்னி கெசட்' எல்லாம் செய்தித்தாள் பக்கம். லாசனும் பேட்டர்சனும் எழுதிய சிட்னி வார இதழான 'தி புல்லட்டின்' இதழ்கள் பக்கம். செய்தித்தாள் பிரிவில் புல்லட்டினைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்புகிறவர்கள் நிறைய.

அடுத்தது தேடும் சொல். தலைப்பைப் போட்டுத் தேடாதீர்கள். தலைப்பு அலங்கார எழுத்தில் இருக்கும். இயந்திரம் எழுத்தை அறியும்போது அதைத்தான் முதலில் சிதைக்கும். பாட்டின் நடுவிலிருந்து அபூர்வமான மூன்று நான்கு சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். கிடைக்கவில்லையா, அதே பாட்டின் வேறு வரியைப் போடுங்கள். ஒரு வரி சிதைந்திருந்தாலும் இன்னொரு வரி தப்பியிருக்கும். 1803-ஐ ஒட்டிய 'கெசட்'டில் எஸ் எழுத்து பழைய நெடிய வடிவத்தில் இருக்கும், இயந்திரம் அதை எஃப் என்று படித்துவிடும். எஸ் வரும் சொல்லைத் தவிர்த்துத் தேடுங்கள், அல்லது எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டே தேடுங்கள்.

நையாண்டிக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று. அவதூறு வழக்குக்குப் பயந்து ஆட்களின் பெயரை முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வைத்து நடுவில் கோடு போட்டு அச்சிடுவார்கள். அதனால் ஆள் பெயரைப் போட்டால் பாட்டு வராது. விவகாரத்தின் பெயரைப் போடுங்கள்: நில உரிமம், மேய்ச்சல் விதி, கசையடி என்று. ஆண்டையும் மாதத்தையும் வடிகட்டியில் குறுக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசையை 'பழையது முதலில்' என்று மாற்றுங்கள். அந்தக் காலத்தில் ஓர் ஊர் இதழில் வந்த பாட்டை மற்ற ஊர் இதழ்கள் எடுத்துப் போடுவது வழக்கம். அடியில் சிறிய எழுத்தில் மூல இதழின் பெயர் இருக்கும். அந்த அடிவரியைப் பார்க்காமல் உள்ளூர்ப் பத்திரிகைத் தேதியை முதல் வெளியீடு என்று எழுதினால் தப்பாகிவிடும். நூலில் வந்த வடிவத்தையும் நம்பாதீர்கள். லாசனின் ஒரு பாட்டு 1892 ஜூலை 9 புல்லட்டினில் 'பார்டர்லேண்ட்' என்ற தலைப்பில் வந்தது. நூலில் 'அப் த கன்ட்ரி'. தலைப்பு தெரியாமல் தேடினால் இரண்டும் வேறு வேறு பாட்டு என்று நினைத்துக்கொள்வோம். புனைபெயரும் அப்படித்தான். பேட்டர்சனைத் தேட 'தி பாஞ்சோ' என்று போட வேண்டும். விக்டர் டேலி நையாண்டி எழுதும்போது 'கிரீவ் ரோ'.

பாட்டு கிடைத்ததும் கத்தரித்த பகுதியை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விடாமல் முழுப் பக்கத்தையும் திறங்கள். மேலே கீழே உள்ள செய்தி, தலையங்கம், விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். பாட்டு எந்தச் செய்திக்கு எதிர்வினை என்பது பெரும்பாலும் அந்த இதழிலோ முந்தின வாரத்திலோ கிடைத்துவிடும். தொகுப்பு நூலில் இந்தத் துணை கிடையாது. நையாண்டிப் பாட்டைத் தொகுப்பில் படித்துவிட்டுப் புரியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடப்பக்கம் இயந்திரம் எழுதிய உரை தெரியும், அதில் பிழையைப் பொதுமக்களே திருத்தலாம். நீங்கள் எடுத்த பாட்டைத் திருத்திவிட்டு வந்தால் அடுத்துத் தேடுகிறவருக்கு அகப்படும். மேற்கோள் பொத்தானில் வரும் நிலையான இணைப்பைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உலாவியின் மேல்வரியில் தெரிவது தேடலோடு ஒட்டியது, நீளமாக இருக்கும்.

தொண்டி_சிந்து பதில்:

பாவகைக்கு வருகிறேன். வசனமாக விழுவதற்குக் காரணம் சொல் இல்லை, எண்ணிக்கை. புல்லட்டின் காலத்துக் கேலிப் பாட்டுகளில் பெரும்பகுதி ஏழு அழுத்தம் கொண்ட நீண்ட அடி: நாலு அழுத்தம், சின்ன இடைவெளி, மூன்று அழுத்தம், பிறகு மூச்சு. அந்த மூச்சையும் சேர்த்தால் எட்டு. பேட்டர்சனின் இரும்புப்பட்டைக்காரன், அதாவது 'அயர்ன்பார்க்' ஊர்க்காரன் பாட்டும் (புல்லட்டின், 1892 டிசம்பர் 17), சைக்கிள் வாங்கிய மல்கா பில் பாட்டும் ('சிட்னி மெயில்', 1896 ஜூலை 25) இந்த அடிதான்.

நம்மிடம் இதற்கு அளந்து வைத்தது போல நொண்டிச் சிந்து இருக்கிறது. அடிக்கு எட்டுச் சீர், நடுவில் தனிச்சொல், இறுதியில் நீட்டம். ஆங்கில அடியின் இடைவெளி விழும் இடத்தில் தனிச்சொல், மூச்சு விழும் இடத்தில் நீட்டம். வெண்பாவிலும் ஆசிரியப்பாவிலும் முயலாதீர்கள். வெண்பா ஒரே குத்தில் முடியும் வசைக்கு நல்லது, காளமேகத்துக்குப் போதும். கதை சொல்லிச் சிரிக்கவைக்க அது ஓடாது. நொண்டி, செய்த வம்பையெல்லாம் தானே சொல்லிவரும் நாடகத்தில் வளர்ந்த அடி அது. கீழக்கரைச் சீதக்காதி பேரிலேயே ஒரு நொண்டி நாடகம் உண்டு. உங்கள் வாசகர் காதுக்கு அந்நியமாக இராது.

மல்கா பில் கதை இது: ஈகிள்ஹாக் ஊர்க்காரன், நல்ல குதிரையை விட்டுவிட்டுச் சைக்கிள் வாங்குகிறான், சக்கரம் உள்ளது எதுவானாலும் ஓட்டுவேன் என்று பீற்றுகிறான், சரிவில் பிடி விட்டு ஓடை நீரில் போய் விழுகிறான். தொடக்கம் இப்படி வரலாம்:

குதிரையை அவிழ்த்துவிட்டான் – பில்லு
  குந்திப்போக ஒருபுது சைக்கிள்கொண்டான்;
எதிரிலே எவனிருக்கான் – என்னை
  ஏய்க்கிற வாகனம் ஏது என்றான்.

குதிரை, எதிரிலே: எதுகை. குதிரை, குந்தி, எதிர், ஏய்க்கிற: மோனை. ஆங்கிலத்தில் ஓசை அடியின் வாலில் ஒத்துவரும். நம்மில் தலையில் ஒத்துவர வேண்டும். வால் ஒலிக்காகச் சொல்லைத் திருகினால் சினிமா மெட்டுக்கு எழுதினது போலாகிவிடும்.

இரும்புப்பட்டைக்காரன் பாட்டில் சிரிப்பு கடைசியில்தான் வெடிக்கிறது. காட்டூர்க்காரன் சிட்னிக்கு வந்து முகச்சவரத்துக்கு உட்காருகிறான். சவரக்கடைக்காரர், சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பணக்கார வாலிபர்கள் சிரிக்கட்டும் என்று, பழுக்கக் காய்ச்சிய கத்தியின் முதுகால் அவன் கழுத்தில் ஓர் இழுப்பு இழுக்கிறார். கழுத்து அறுந்தது என்று நம்பியவன் கடையையே அடித்து நொறுக்குகிறான். முடிவில் அவன் ஊரில் எல்லோரும் தாடி வைத்துக்கொள்கிறார்கள். தமிழாக்குகிறவர்கள் கத்தியின் முதுகு என்பதை முன்னாலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவனுக்கு அவனோடு சேர்ந்து திடுக்கிட வாய்ப்பில்லாமல் போகிறது. அந்தச் சொல்லை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் மாற்றாதீர்கள். சிட்னியை மதுரை ஆக்கினால் பாட்டு உங்களுடையதாகிவிடும், ஆனால் ஆஸ்திரேலியப் பாட்டு என்று தலைப்புப் போட முடியாது.

லாசன், பேட்டர்சன் மோதலுக்கு மட்டும் வேறு வடிவம் சொல்வேன்: லாவணி. 1892 ஜூலை 9-ல் லாசன் காட்டுப்புறம் காய்ந்த நரகம் என்று தொடங்கினார். 23-ல் பேட்டர்சன் காட்டுக்காக வாதாடினார். 30-ல் எட்வர்ட் டைசன் லாசன் பக்கம் சேர்ந்தார். ஆகஸ்ட் 6-ல் லாசன் மறுபடி. அக்டோபர் 1-ல் பேட்டர்சன் எல்லோருக்கும் சேர்த்துப் பதில். இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடத்திய போட்டி அது. இருவருக்குமே காசு தேவையாக இருந்தது, எழுதினால் கூலி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று மேடையில் இரண்டு பேர் மன்மதனுக்காகச் சண்டை போடுவதும் பேசிவைத்ததுதானே. எதிராளியின் கடைசிச் சொல்லைத் தன் முதற்சொல்லாக எடுத்துக்கொள்ளும்படி அந்தாதியாகக் கட்டுங்கள். மூலத்திலும் ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துத் திருப்பி அடிப்பது நிறைய உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் எட்டெட்டு அடி போதும்.

மண்டபம்_மலர்:

மூவருக்கும் நன்றி. நூல்கட்டு காக்கா, இதழ்ப் பிரிவில் புல்லட்டின் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. குட்ஜ் என்பவர் கெட்ட வார்த்தை வரும் இடமெல்லாம் கோடு போட்டு ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அதைத் தமிழில் எப்படிச் செய்வது? இன்னொன்று, ஹன்ரஹன் என்ற விவசாயி எதற்கெடுத்தாலும் நாசமாய்ப் போனோம் என்று புலம்பும் பாட்டு. சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் கேட்கும் பேச்சு அப்படியே இருக்கிறது. அது இந்தக் காலகட்டத்தில் அடங்குமா?

தொண்டி_சிந்து:

குட்ஜ் பாட்டு 1890-களின் கடைசியில் வந்தது. 1899-ல் நூலிலும் சேர்ந்தது. மாட்டுக்காரன் ஒருவன் ஒவ்வொரு வரியிலும் ஒரே வசவைச் சொல்கிறான். அச்சில் கோடு மட்டும். ஆனால் 'கடி' என்று ஓசைப்படும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்து வரவேண்டிய இடத்தில் கோடு விழுவதால், கேட்பவன் வாய் தானாகவே அந்த வசவை நிரப்பிக்கொள்கிறது. ஆசிரியர் எதையும் சொல்லவில்லை, சொன்னது நாம். ஆகவே கோட்டைக் கண்ட இடத்தில் போட்டால் வெறும் ஓட்டை. தமிழில் இந்த வேலையைச் செய்வது எதுகை. கோட்டை அடியின் தலையில் வையுங்கள். முந்தின அடியின் இரண்டாம் எழுத்து எந்தச் சொல் என்று காட்டிக்கொடுத்துவிடும்:

கட்டின மாடும் கயிறறுத் தோடுது – அந்தக்
  ---- மாட்டுக்குக் காலா சிறகா?

ட்ட என்ற ஒலி மண்டையில் இருப்பதால் அவரவர் மனசுக்கேற்ற சொல்லை அவரவர் போட்டுக்கொள்வார்கள். சாதிப் பெயரோ உடல் குறையோ வந்து உட்காராத எழுத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு; இரண்டு மூன்று பேரைப் படிக்கவிட்டு என்ன நிரப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு அச்சுக்கு விடுங்கள். சத்தமாகப் படிப்பவர் கோட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே போகட்டும்.

ஹன்ரஹன் பாட்டு சற்றுப் பிந்தியது, 1919-ல் 'கத்தோலிக் பிரஸ்' இதழில் வந்தது. எழுதியவர் பாட்ரிக் ஹார்ட்டிகன் என்ற பாதிரியார், 'ஜான் ஓ'பிரையன்' என்ற புனைபெயரில். தேவாலய வாசலில் விவசாயிகள் கூடிப் பேசுகிறார்கள். மழை இல்லை, அழிந்தோம்; மழை கொட்டுகிறது, வெள்ளத்தில் அழிந்தோம்; புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது, இனி தீப்பிடித்து அழிந்தோம். 'பழைய' என்பதைக் கறாராகப் பார்த்தால் அடங்காது. இருந்தாலும் நான் சேர்ப்பேன், நம் பக்கத்து ஆள் முதல் முறை கேட்டதுமே சிரிக்கக்கூடியது இதுதான். புலம்பல் வரியை ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வையுங்கள். அழகுக்காகச் சொல்லை மாற்றினால் பாட்டு செத்துவிடும். அந்தக் கடைசி வரியைக் கூட்டமே சேர்ந்து சொல்லும்படி கிளிக்கண்ணியில் கட்டலாம், 'கிளியே' வரும் இடத்தில் புலம்பலைப் போட்டு. தேவாலயத்தைக் கண்மாய்க்கரை ஆக்க வேண்டாம். கேட்பவர்கள் அதைத் தாங்களே செய்துகொள்வார்கள்.

சேதுக்கரை_வாசகர்:

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. குட்ஜ் 1909, லாசன் 1922, டைசன் 1931, பேட்டர்சன் 1941, ஹார்ட்டிகன் 1952; எல்லோருக்கும் காலம் முடிந்துவிட்டது. பெயரில்லாத பாட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. அனுமதி தேவையில்லை. ஆனால் யாராவது அண்மையில் செய்த தமிழாக்கத்தை எடுத்தால் அது வேறு; தமிழாக்கியவருக்கு உரிமை உண்டு.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. புல்லட்டினை அள்ளிப் போடும்போது அதன் மறுபக்கமும் கையோடு வரும். 1880 ஜனவரி 31-ல் ஆர்ச்சிபால்டும் ஹேன்ஸும் தொடங்கிய இதழ் அது; முதலாளிகளையும் முடியாட்சியையும் தைரியமாகக் கேலி செய்தது. அதே பக்கங்களில் சீனர்களையும் பழங்குடி மக்களையும் ஒட்டகம் ஓட்டிகளையும் தலையில் மூட்டை சுமந்து காட்டில் வியாபாரம் செய்த இந்தியர்களையும் மிக இழிவாகக் கேலி செய்தது. 'ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே' என்று பெயர்ப்பலகைக்கு அடியிலேயே 1908 முதல் 1960 வரை அச்சிட்டு வந்தார்கள். 1901 குடியேற்றச் சட்டத்தில் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் எழுதச்சொல்லி, நம்மவர் போன்றவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னணி இசை பாடியதில் இந்த நையாண்டிப் பாட்டுக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட பாட்டு கையில் வந்தால் இழிசொல்லை மட்டும் நீக்கிச் சுத்தமாக்கிப் போடாதீர்கள், அது வரலாற்றைப் பொய்யாக்குவது. ஒன்று விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நேராக, குறிப்போடு போடுங்கள். முன்பக்கத்தில் இதைப் பற்றி ஆறேழு வரி கட்டாயம் வேண்டும். கடல் தாண்டிப் பிழைக்கப் போகும் வீடுகள் நிறைந்த பகுதி நம்முடையது, அந்தக் கேலி யார்மேல் விழுந்தது என்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடிக்குறிப்புக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டுக்கு இரண்டு வரி. அதற்குள் விளக்க முடியாத உள்ளூர் அரசியல் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இதழுக்கு ஆகாது. அந்த அளவுகோலில் ஃபார்ஸ்டர் தேறுகிறார், பஞ்ச் பாட்டுகளில் முக்கால்வாசி தேறாது.

கீழக்கரை_நூல்கட்டு:

அச்சமைப்புக்கு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஏ5 பக்கத்தின் அகலம் 148 மில்லிமீட்டர். இரு பக்கமும் 20 விட்டால் 108 மிஞ்சும். 11 புள்ளி எழுத்தில் எட்டுச் சீர் அடி ஒரே வரியில் நிற்காது, மென்பொருள் கண்ட இடத்தில் உடைக்கும். அதற்கு விடாமல் தனிச்சொல்லோடு வரியை நீங்களே முறித்து, அடுத்த பாதியை இரண்டு எழுத்து உள்தள்ளி வையுங்கள். படிக்கிறவருக்கு மூச்சு எங்கே என்பதும் தெரிந்துவிடும். நகலெடுக்கும் இயந்திரம் ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டரைத் தின்னும், அதனால் 20-க்குக் கீழே குறைக்க வேண்டாம். ட்ரோவிலிருந்து பழைய பக்கத்தின் படம் ஒன்று போடுவதானால் சாம்பல் நிறமாக விடாமல் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு எடுங்கள். பழுப்புத் தாளின் நிழல் நகலில் அழுக்காக விழும்.

பக்க வரிசை: வெளித்தாளின் வெளிப்புறம் இடமிருந்து 8, 1, உட்புறம் 2, 7. உள்தாளின் வெளிப்புறம் 6, 3. உட்புறம் 4, 5. விரித்தால் ஒரே தாளாகத் தெரிவது நடுவில் உள்ள 4, 5 மட்டும்தான். லாவணியை அங்கே போடுங்கள். தொடங்கிவைத்தவர் லாசன் என்பதால் அவர் 4-ல், பேட்டர்சன் 5-ல். டைசனுக்கு 4-ன் அடியில் நாலு வரி ஒதுக்கினால் போதும்.